ஒற்றைக்கண் மயில் துணி

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். இந்தக் கதையில் அதிகாரிகள் நிறையப் பேர் வருகிறார்கள். யாருக்கு மேல் யார் என்பது ஒவ்வொரு தடவையும் எனக்கு மாறிப்போகிறது. கேட்டபடி சொல்லப் பார்க்கிறேன்.

வெகு காலத்துக்கு முன்னால் மருதவேலி என்ற நாட்டைக் கீர்த்திவளவன் என்ற ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று நினைப்பான், சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று நினைப்பான். அவன் நாட்டில் முந்நூறு பள்ளிக்கூடங்கள் இருந்தன. அத்தனைக்கும் தலைவர் ஆவுடைநாதர். அவருக்குக் கீழே ஒரு ஐயா, அந்த ஐயாவுக்குக் கீழே சில ஐயாக்கள் என்று ஏழு படி. ஏழோ எட்டோ, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில்தான் வாத்தியார்.

ஒருநாள் ராஜாவுக்குத் திடீரென்று பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று பார்க்கும் ஆசை வந்தது. மூன்று நாளில் மூன்று பள்ளிக்குப் போனான். மூன்றிலும் வழவழப்பான பலகை, வெண்கல மணி, தலைக்கு மேலே மயில் எழுதிய அழகான மேற்கட்டித் துணி. சந்தோஷமாகத் திரும்பியவன் சபையில் ஒரு சந்தேகம் கேட்டான்.

"ஆவுடைநாதரே, மூன்று ஊரிலும் மயிலுக்கு ஒரு கண்தான் இருக்கிறது. ஏன்?"

"அது நம் பள்ளிகளின் முறை, மகாராஜா."

ராஜாவுக்குக் கொஞ்சம் குழப்பம். ஆனாலும் முறை என்றதும் தலையாட்டிவிட்டான். பக்கத்தில் நின்ற மந்திரி சேந்தன் மட்டும் மீசைக்குள் சிரித்தார். ஆவுடைநாதர் அதைப் பார்த்துவிட்டார். ராஜா எதற்கெடுத்தாலும் சேந்தனைக் கேட்பது அவருக்கு வெகுநாளாகவே வயிற்றெரிச்சல்.

அந்த நேரத்தில்தான் குருவிக்காட்டு வாத்தியார் சடையாண்டியைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பள்ளிக் கூரை பாதி விழுந்துவிட்டது, பிள்ளைகள் நனைகிறார்கள் என்று அவர் ஓலை எழுதியிருந்தார். அந்த ஓலை போன வழியைக் கேட்டால் தலை சுற்றும். முதல் ஐயா "கண்டேன்" என்று எழுதி மேலே அனுப்பினார். அடுத்தவரும் "கண்டேன்" என்றார். இப்படியே ஏறி ஆவுடைநாதரிடம் போனது. அவர் "கீழே விசாரிக்கவும்" என்று எழுதினார். ஓலை படிப்படியாக இறங்கிச் சடையாண்டியிடமே வந்தது, கூரை விழுந்தது உண்மைதானா என்று விசாரிக்கச் சொல்லி. உண்மைதான் என்று எழுதினார். மறுபடி ஏறியது. ஆறாவது தடவை ஓலையில் எழுத இடமில்லாமல், அவரே நடந்து தலைநகருக்கு வந்துவிட்டார்.

"பொய்யர், மகாராஜா," என்றார் ஆவுடைநாதர். "ஓலையில் எந்த ஐயாவும் குறை உண்டென்று எழுதவில்லை. இவரை நாடு கடத்த வேண்டும். மந்திரியார் நம் முறையைக் கேட்டுச் சிரித்தாரே, குருவிக்காட்டு வாத்தியாராக அவரே போகட்டும்."

ராஜாவுக்கு அந்த யோசனை பிடித்துவிட்டது. "சேந்தா, பத்து நாள் தருகிறேன். என் பள்ளிகளில் குறை உண்டென்று என் கண்ணுக்குக் காட்டு. இல்லையென்றால் இவர் எல்லைக்கு வெளியே, நீ குருவிக்காட்டிலே."

 சடையாண்டி வீட்டில் மனைவி பிள்ளை பெற்றுப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது. கைக்குழந்தையோடு எந்த நாட்டுக்குப் போவார்? மந்திரி அவரைத் தனியே அழைத்து, மற்ற பள்ளிக்கெல்லாம் மயில் வந்ததே, உமக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"வந்ததுங்க. ஓட்டை தெரியாமல் மேலே கட்டச் சொன்னார்கள். நான்தான் வேண்டாமென்று வண்டியைத் திருப்பிவிட்டேன்."

சேந்தனுக்கு அது போதுமாக இருந்தது. எட்டு நாள் சும்மா இருந்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் நாடு முழுக்கத் தண்டோரா போடச் சொன்னார்: நாளை உச்சிவேளையில் ராஜா ஒரு பள்ளிக்கு வருவார், எந்தப் பள்ளி என்பது ராஜாவுக்கு மட்டும்தான் தெரியும்.

உண்மையில் ராஜாவுக்கும் தெரியாது. எந்தப் பள்ளி என்று கேட்டுக்கொண்டேதான் மந்திரியின் பின்னால் போனான். மந்திரி அவனை நாற்சந்தியில் ஒரு புளியமரத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டார்.

அங்கே ஒரே ஒரு மாட்டுவண்டி நின்றது. அதில் ராஜா மூன்று ஊரிலும் பார்த்த அதே பலகை, அதே மணி, அதே மயில் துணி. நாலு பக்கத்திலிருந்தும் ஐயாக்கள் ஓடிவந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்து இழுத்தார்கள்.

"என் பள்ளிக்குத்தான் ராஜா வருகிறார், விடும்."

"போன தடவையும் உமக்குத்தானே மயில். இந்தத் தடவை மணியை வைத்துக்கொள்ளும்."

மணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒருவர் வரப்பில் ஓடினார். துணி டர்ரென்று நடுவில் கிழிந்தது. ஒற்றைக்கண் ஒருவர் கையில், தோகை இன்னொருவர் கையில். அவர்களுக்கு நடுவே தலைப்பாகை அவிழ்ந்து நின்றவர் ஆவுடைநாதர்.

ராஜா மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தான். 

"குருவிக்காட்டுக் கூரையை யார் போட வேண்டும்?" என்று கேட்டான். முதல் ஐயா தனக்கு மேலே இருப்பவரைக் காட்டினார். அவர் அதற்கும் மேலே காட்டினார். ஆவுடைநாதரிடம் வந்ததும் அவர் முதல் ஐயாவைக் காட்டினார். ராஜா சுற்றிச் சுற்றிப் பார்த்துக் கிறுகிறுத்து வண்டிச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"சேந்தா, எனக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை பேர் பார்த்தும் கூரை எப்படி விழுந்தது?"

"பார்க்கிறவர்களில் ஒருவரும் அந்தக் கூரைக்குக் கீழே உட்காருவதில்லை, மகாராஜா."

 உடனே ராஜா ஆவுடைநாதரின் ஆசனத்தைக் குருவிக்காட்டுக்குத் தூக்கிப் போகச் சொன்னான். இனி நாட்டிலேயே மோசமான பள்ளி எதுவோ, அங்கேதான் அவர் அலுவலகம். அது சரியானதும் அடுத்த மோசமான பள்ளிக்குப் போக வேண்டும். அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. ஆவுடைநாதர் நனைந்தார். நாலாம் நாள் புதுக்கூரை ஏறிவிட்டது. ஓலை எதுவும் எழுதவில்லையாம். சேந்தனுக்கு ராஜா தன் மோதிரத்தைக் கழற்றிப் போட்டான். சடையாண்டி ஊருக்குப் போய்க் குழந்தைக்குப் பெயர் வைத்தார்.

கதை அவ்வளவுதான். நான் கேட்டபோது அந்த ஏழு படிக்கும் தனித்தனியாகப் பதவிப்பெயர் இருந்தது. இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவையும் பெரியவர் கீழே போய்விட்டார். என் பிள்ளையும் ஒரு பள்ளியில்தான் படிக்கிறான். யாராவது கோபித்துக்கொண்டால் என்ன செய்வது? அதனால் எல்லாப் பெயரையும் அடித்துவிட்டு, எல்லாருக்கும் ஐயா என்றே போட்டுவிட்டேன்.