பாறைக்குழியில் போட்ட உப்பு

மருளி ஒரு பெண்மான். இரண்டு நாள் பேதியில் அவள் குட்டி துவண்டு கிடந்தது. "உப்பு உள்ளே போனால்தான் தேறும்!" என்று முள்ளம்பன்றி வைத்தியர் சொல்லிவிட்டார்.

மூன்று மலை தாண்டி ஓடினாள். உப்புப் பாறையில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டியைப் பெயர்த்து, இலையில் பொதிந்து கவ்வி வந்தாள்.

வீட்டை நெருங்கும்போதா எதிரே ஒரு கரடி வரவேண்டும்! உப்பென்றால் அவனுக்கு உயிர்.

புலி துரத்தினால் மான்கள் தண்ணீரில் இறங்கி நிற்கும். நீருக்குள் வாசனை தெரியாதே! மருளியும் அதையே நம்பினாள். இலை மிதந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை உதறிவிட்டு, கட்டியை மட்டும் பாறைக்குழித் தண்ணீரில் போட்டாள்.

கரடியோ லேசில் நகரவில்லை. தேன் குடித்த கதையை உச்சிவெயில் வரை அளந்துவிட்டுத்தான் போனான்.

மருளி குழிக்குள் பார்த்தாள். கட்டியைக் காணோம்! கரையில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"அடப்பாவி! என் பிள்ளை உயிரையா தின்றாய்?"

"நானா? நல்லா இருக்கே கதை!" தவளை சீறியது. "நீங்கள் அதைப் போட்டதும் என் தோலெல்லாம் எரிந்தது. குதித்து வெளியே ஓடிவந்து இங்கே காய்கிறேன். தண்ணீரை நக்கிப் பாருங்கள் அக்கா!"

நக்கினாள். கரித்தது!

"உப்பு எங்கும் போகவில்லை, கரைந்திருக்கிறது. நல்ல தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்."

மருளி அந்த நீரையும் ஓடைத் தண்ணீரையும் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் ஏந்திப்போய்க் குட்டிக்குக் கொடுத்தாள். குட்டி நக்கியது. மறுபடி நக்கியது. பொழுது சாயும் முன் தள்ளாடி எழுந்து, பால் கேட்டு முட்டியது. அப்பாடா! மருளிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. ஓடிப்போய்த் தவளையிடம், "பெற்ற வயிறு, வாய் தவறிவிட்டது. மன்னித்துக்கொள்ளப்பா!" என்றாள்.

"சரி சரி, பிள்ளையைப் பாருங்கள்."

நாலு நாள் வெயிலில் குழி வற்றியது. ஓரமெல்லாம் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னச் சதுரமாய் உப்பு!

"உங்கள் உப்புப் பாறையும் இப்படித்தான், ஏதோ ஒரு காலத்துத் தண்ணீர் வற்றி உண்டானது" என்றது தவளை.

கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக, இருக்கும் பொருளைப் போய்விட்டதென்று அழுது, பக்கத்தில் இருப்பவரைத் திருடன் என்று சொல்லிவிடக் கூடாது.