முழுகுது, முழுகுது!

மூங்கில் காட்டில் நாலு தடங்களும் கூடுகிற இடத்தில் நீலமேகம் என்ற மயில் ஒரு பலகாரக் கடை நடத்தி வந்தார். சுடச்சுட வள்ளிக்கிழங்கு வறுவல், தொட்டுக்கொள்ள நெல்லித் துவையல். அந்தக் காட்டிலேயே பெயர் போன பண்டம் அது.

கடையின் முகப்பு கண்ணைப் பறிக்கும். மூங்கில் தட்டி முழுக்கச் சரக்கொன்றைப் பூ தொங்கும். வாசலில் ஒரு சருகு கிடக்காது. நீலமேகமே தோகையை விரித்து நின்று, "வாங்க, வாங்க!" என்று ஒரு சுற்றுச் சுற்றுவார். அதைப் பார்க்கவே பாதிக் கூட்டம் வரும்.

மீதிக் கூட்டம் வேகத்துக்காக வந்தது. அதற்கு அவர் ஒரு வழி செய்திருந்தார். அடுப்படியில் ஒரு பானைத் தண்ணீர் இருக்கும். யாராவது ஒரு தட்டுக் கேட்டதும், அடியில் ஓட்டை போட்ட ஒரு கொட்டாங்கச்சியை அதில் மிதக்க விடுவார்கள். ஓட்டை வழியாகத் தண்ணீர் ஏறி அது முழுகுவதற்குள் தட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் கேட்டவருக்குப் பண்டம் இலவசம். சமைத்தவருக்கு அன்றைய கூலி கிடையாது.

கொட்டாங்கச்சியைக் கவனிக்கிற வேலை கோமு என்ற மைனாவுக்கு. தட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டு, "முழுகுது! முழுகுது!" என்று அவள் போடுகிற கூச்சல் அடுத்த மலைக்குக் கேட்கும்.

தட்டிக்குப் பின்னால் வேலை செய்தவர்களில் ஒருத்தி அல்லி. அவள் ஒரு நீர்நாய். கோடையில் அவள் குடியிருந்த குளம் வற்றிவிட்டது. வீட்டில் இரண்டு குட்டிகள். நீலமேகம் மாலையில் கூலியாகக் கொடுக்கிற நண்டில்தான் அந்தக் குட்டிகளின் வயிறு நிறைந்தது.

அல்லி தினமும் அடுப்பு மூட்டுமுன் கண்ணை மூடிக்கொள்வாள். "ஆண்டவனே, என் கையால சாப்பிடுறவங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது" என்பாள். பிறகுதான் விறகைத் தொடுவாள்.

ஆனால் அந்த அடுப்படியில் அந்த வேண்டுதல் பலிப்பது கஷ்டம்தான்!

இலுப்பை எண்ணெய் வாரக்கணக்கில் கொதித்துக் கொதித்துத் தார் மாதிரி ஆகியிருந்தது. "புது எண்ணெய் ஊத்தினா என்ன?" என்று கேட்டால், "பழைய எண்ணெய்லதான் மணம் தூக்கும்!" என்பார் நீலமேகம். தேங்காய் நார் ஒரே ஒரு கொத்துதான். அதால்தான் தரையைத் துடைப்பார்கள், அதால்தான் சாப்பிட்டுப் போட்ட மந்தார இலையைத் துடைத்து மறுபடி பண்டம் வைப்பார்கள். கை கழுவத் தண்ணீர் தனியாக இல்லை. இருக்கிற ஒரு பானையும் கொட்டாங்கச்சிக்கு. அதில் கை விட்டால் தண்ணீர் ஆடி, கொட்டாங்கச்சி சீக்கிரம் முழுகிவிடும். யார் விடுவார்கள்?

நீர்நாய்க்குத் தண்ணீரில்லாமல் இருப்பது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒரு மீனைத் தின்றால் மூன்று முழுக்குப் போடுகிற சாதி அது. அல்லி வேப்பிலையைக் கசக்கிக் கையைத் துடைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

நீலமேகம் மட்டும் தட்டிக்குப் பின்னால் ஒரு நாளும் வந்ததில்லை. "புகை பட்டால் தோகை மங்கிடும்!" என்று வாசலோடு நின்றுகொள்வார். தட்டு வந்ததா, கூட்டம் நகர்ந்ததா, அதுதான் அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் அவர் கொட்டாங்கச்சியை வாசலுக்கு வரவழைத்தார். முள்ளால் ஓட்டையை இன்னும் கொஞ்சம் பெரிசாக்கிக் கொடுத்தனுப்பினார்.

"இனிமே இன்னும் வேகம்!" என்றார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே வரியனின் முகம் சரியில்லை. வரியன் ஓர் அணில். துவையல் அரைத்துக் கையால் பிசைந்து வைக்கிறவன். அரைப்பதும் புதருக்குள் ஓடுவதும், திரும்பி வந்து அரைப்பதுமாக இருந்தான்.

"என்னடா தம்பி, வயிறு சரியில்லையா?" என்றாள் அல்லி.

"ராத்திரி பூரா போய்க்கிட்டே இருக்குக்கா. நிக்க முடியல."

"அப்ப வீட்ல படுக்க வேண்டியதுதானே!"

"படுத்தா? போன மாசம் முயலக்கா காய்ச்சல்னு படுத்தாங்க. மறுநாள் அவங்க இடத்துல வேற ஆளு நிக்குது. மறந்துட்டீங்களா?"

அல்லி மறக்கவில்லை.

"கையையாவது கழுவினியா?"

"எதுலக்கா கழுவ?" என்று வரியன் பானையைக் காட்டினான். "அதுலயா? கோமுக்கா என் வாலைப் பிடுங்கிருவாங்க!"

"வாலை மட்டுமா? மீசையையும்தான்!" என்றாள் மேலேயிருந்து கோமு.

அந்த நேரம் வாசலில் ஒரே சத்தம். புள்ளிமான் கூட்டம் ஒன்று வந்து இறங்கியது. மேட்டுப் புல்வெளிக்குப் போகிற வழி. கூட்டத்தில் பாதிக்கு மேல் குட்டிகள். "எனக்கு! எனக்கு!" என்று குதித்தன.

நீலமேகம் தோகையை முழுசாக விரித்தார். "எல்லாருக்கும் வறுவல்! எல்லாருக்கும் துவையல்! உம், விடு கொட்டாங்கச்சியை!"

கொட்டாங்கச்சி மிதந்தது. அல்லி கிழங்கை எண்ணெயில் போட்டாள். பொரிந்ததை அள்ளித் தட்டில் வைத்தாள். வரியன் துவையலை உருட்டி உருட்டி ஓரத்தில் வைத்தான். பாதியில் மறுபடி புதருக்குள் ஓடினான். அப்படியே திரும்பி வந்து அதே கையால் உருட்டினான்.

"முழுகுது! முழுகுது!" என்றாள் கோமு.

அல்லி முதல் தட்டைக் கையில் எடுத்தாள். தட்டியின் இடுக்கு வழியாக ஒரு குட்டிமானின் முகம் தெரிந்தது. நாக்கைச் சுழற்றிக்கொண்டு அவளையே பார்த்தது. அவளுடைய சின்னக்குட்டி நண்டுக்காகப் பார்க்கிற அதே பார்வை.

காலையில் செய்த வேண்டுதல் அவள் நினைவுக்கு வந்தது. தட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"முழுகுது! அல்லி, முழுகுதுடி!"

"முழுகட்டும்" என்றாள் அல்லி.

கொட்டாங்கச்சி குடகுடவென்று தண்ணீர் குடித்து அடியில் போய் உட்கார்ந்தது.

"எங்கே தட்டு?" என்று வாசலிலிருந்து நீலமேகம் அலறினார். "ஏ நீர்நாயே! தூங்குறியா?"

அல்லி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு, தட்டியை விலக்கி வெளியே வந்தாள். வேலை செய்கிறவர்கள் வாசலுக்கு வரக் கூடாது என்பது கடையின் சட்டம். வந்துவிட்டாள்.

"மொதலாளி, இதைப் பிள்ளைங்களுக்குக் கொடுக்க வேண்டாங்க. துவையல் சுத்தமில்லை. எண்ணெயும் நல்ல எண்ணெய் இல்லை."

மான்கள் குட்டிகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டன.

"பொய்!" என்றார் நீலமேகம். "வாசலைப் பாருங்க! பூவைப் பாருங்க! இங்கே ஒரு தூசி உண்டா?"

கூட்டத்தின் முன்னால் நின்ற தாய்மான் அவரைப் பார்க்கவில்லை. அல்லியைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ மத்தியானத்துக்கு என்ன சாப்பிடுவே?"

"வீட்லருந்து கொண்டு வந்த கட்டுச்சோறுங்க."

"உன்கூட வேலை செய்யிறவங்க?"

அல்லி பின்பக்கத்து மரப்பொந்தைக் காட்டினாள். அதில் வரிசையாக இலைப் பொட்டலங்கள். வரியனுடையது, விறகு உடைக்கிற முள்ளம்பன்றியுடையது. கோமுவின் பொட்டலத்துக்குள் அவள் காலையில் பிடித்த புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்தது.

"அடி ஆத்தி! நாள் பூராவும் வறுவல் வாசத்துல நிக்கிறீங்க. ஒருத்தராவது இங்கே சாப்பிடுறதில்லையா?" என்றாள் தாய்மான். பிறகு மயிலின் பக்கம் திரும்பினாள். "சரி, நீங்க சாப்பிடுங்க பார்ப்போம். ஒரே ஒரு வாய்!"

"நானா? நான்... என் கடைச் சரக்கைப் பத்தி இந்தக் காடே..." நீலமேகம் சிலிர்த்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தோகையை விரிக்காதீங்க. வாயைத் திறங்க!"

நீலமேகத்தின் அலகு திறக்கவே இல்லை. கறுத்த எண்ணெய் ஊறிய வறுவலை அன்றைக்குத்தான் அவர் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தார்.

மான் கூட்டம் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் நடையைக் கட்டியது. குட்டிகள் சிணுங்கிக்கொண்டே போயின.

நீலமேகம் அல்லியின் பக்கம் திரும்பினார். கழுத்து ஆடியது. "நாளையிலருந்து இந்தப் பக்கம் தலை வைக்காதே! இன்னிக்குக் கூலியும் கிடையாது!"

அல்லி பொந்திலிருந்து தன் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

"அம்மா, நண்டு?" என்று குட்டிகள் ஓடி வந்தன.

"இன்னிக்கு இல்லை கண்ணுகளா." மத்தியானம் பிரிக்காத பொட்டலத்தைப் பிரித்து இரண்டு பேருக்கும் பங்கு வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை மூடினால் அந்தக் குட்டிமானின் முகம் வந்தது. சிரித்துக்கொண்டுதான் வந்தது.

மறுநாள் வரியனால் எழுந்திருக்கவே முடியவில்லை. முள்ளம்பன்றி, "எனக்கும் முடியல" என்று சொல்லி அனுப்பிவிட்டான். மான்கள் போகிற வழியெல்லாம் செய்தியைச் சொல்லிக்கொண்டு போயிருந்ததால், வேலைக்குப் புது ஆளும் கிடைக்கவில்லை. கடையில் நீலமேகமும் கோமுவும் மட்டும்தான். செய்தி காதில் விழாத குரங்குக் கூட்டம் ஒன்று வந்து, "தட்டு! தட்டு!" என்று தாளம் போட்டது.

வேறு வழியில்லாமல் நீலமேகம் முதல் தடவையாகத் தட்டிக்குப் பின்னால் போனார்.

போனதும் கால் வழுக்கியது. தரையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு. நீளத் தோகை அடுப்புச் சாம்பலில் புரண்டது. புகையில் கண் எரிந்தது. கிழங்கைப் போட்டார், எண்ணெய் தெறித்தது. காலெல்லாம் பிசுபிசுத்தது.

"தண்ணீ! கால் கழுவத் தண்ணீ எங்கே?"

"இருக்கிற தண்ணீ அந்தப் பானைதான் மொதலாளி. அதுல கால் வச்சா நம்ம கூலி போயிரும்!" என்றாள் கோமு.

பொறுக்க முடியாமல் காலை விட்டார். தண்ணீர் ஆடியது. கொட்டாங்கச்சி சாய்ந்தது.

"முழுகுது! முழுகுது!"

"பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்! கொட்டாங்கச்சி முழுகினா முழுகட்டும்!"

"கொட்டாங்கச்சியைச் சொல்லல மொதலாளி. கடையைச் சொன்னேன்!"

குரங்குகள் சிரித்த சிரிப்பில் கொன்றைப் பூவெல்லாம் உதிர்ந்தது.

அன்று சாயங்காலம் அல்லி வீட்டு வாசலில் நீலமேகம் வந்து நின்றார். தோகை மடங்கியிருந்தது. நுனி கருகியிருந்தது. குட்டிகள் அவரை அடையாளம் தெரியாமல், "அம்மா, ஒரு பெரிய கோழி வந்திருக்கு!" என்றன.

நீலமேகம் அதற்குக்கூடக் கோபப்படவில்லை. "அல்லி, நேத்துக் கூலி" என்று ஒரு கூடை நண்டைக் கீழே வைத்தார். "நீ அங்கே எப்படிம்மா நின்னே? எனக்கு ஒரு பொழுது தாங்கல. திரும்பி வர்றியா?"

அல்லி நண்டைக் குட்டிகள் பக்கம் தள்ளினாள். பிறகு சொன்னாள்.

"வர்றேன் மொதலாளி. ஆனா அந்தப் பானைத் தண்ணி இனிமே கை கழுவத்தான். எண்ணெயை மாத்தணும். துடைச்ச இலையில மறுபடி பண்டம் வைக்கக் கூடாது. உடம்புக்கு முடியாதவங்க வீட்ல படுத்துக்கட்டும், அவங்க இடமும் கூலியும் அப்படியே இருக்கணும். வரியன் பாவம், நோயோட வந்ததுக்கு அவன் காரணமில்லை. படுத்தா பிழைப்புப் போயிரும்னு பயந்து வந்தான்."

"நேரமாகுமே! சாப்பிட வர்றவங்க காத்துக்கிடப்பாங்களே!"

"பசிக்கிறவங்க காத்திருப்பாங்க மொதலாளி. நோய் வந்தவங்கதான் திரும்பி வர மாட்டாங்க."

நீலமேகம் தலையாட்டினார். வேறென்ன செய்வார்?

ஓட்டைக் கொட்டாங்கச்சியைத் தூக்கி எறியப் போனார்கள். அல்லி விடவில்லை. தேன்மெழுகால் ஓட்டையை அடைத்தாள். ஒரு காம்பைச் செருகினாள். பானையிலிருந்து மொண்டு கையில் ஊற்றிக்கொள்ள அது நல்ல அகப்பை ஆயிற்று. வரியன் படுத்திருந்த நாளெல்லாம் அவன் வீட்டுக்குக் கூலிக் கொட்டை போனது. குணமாகி வந்த பிறகுதான் அவன் அம்மியைத் தொட்டான்.

மழைக்கு முன்னால் மான் கூட்டம் அந்த வழியாகத் திரும்பி வந்தது. வாசலில் பூ இல்லை. நீலமேகம் தோகையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு இலை கழுவிக்கொண்டிருந்தார். தட்டி இருந்த இடமும் வெறுமையாக இருந்தது. அடுப்படி வழியில் போகிறவர்களுக்கே தெரிந்தது.

தாய்மான் எட்டி நின்றே கேட்டாள். "அல்லி, சாப்பிட்டாச்சா?"

"இப்பத்தாங்க. இதே சட்டியிலருந்து எடுத்து, எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டோம்."

"அப்போ என் பிள்ளைங்களுக்கும் வை!"

கோமு பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள். பானையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

சமைக்கிறவருக்குக் கை கழுவவும் நோயில் படுக்கவும் நேரம் தராத கடை, எவ்வளவு அழகாகப் பரிமாறினாலும் பசியைத் தீர்க்காது, நோயைத்தான் விற்கும்.