குன்வோர் சுமந்த உப்பு

ஒரு ஊர்ல ஒருத்தி இருந்தா, பேரு குன்வோர். ஊருன்னா நம்ம ஊரு மாதிரி இல்ல. நார்வேன்னு வடக்க ரொம்ப தூரத்துல ஒரு தேசம். அங்க நீளமா ஒரு பள்ளத்தாக்கு, நடுவுல ஏரி, கரையோரம் பதினோரு பண்ணை. மேக்க பெரிய மலை. மலைக்கு அந்தாண்ட கடல். கேக்குறியா? ம்.

அங்க ஆறு மாசம் பனி. ஒண்ணும் விளையாது. மீனையும் ஆட்டுக்கறியையும் உப்புப் போட்டு வெச்சுத்தான் சாப்பிடணும். உப்பு தெக்கேருந்து ஏரி வழியா படகுல வரும். ஒரு வருஷம் தெக்க சண்டை. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, படகு வரல.

குன்வோருக்குப் புருஷன் இல்ல, ரெண்டு பொண்ணுங்க. அவ பக்கத்துப் பண்ணை தோர்கெல்கிட்ட போனா.

"மலை தாண்டி உப்பு வாங்கிட்டு வரேன். பொண்ணுங்களப் பாத்துக்கோங்க."

"அந்தப் பக்கம் வழி கிடையாது."

"யாரு போய்ப் பாத்தா?"

தோர்கெல் பொண்ணுங்களத் தன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு.

அப்புறம் குன்வோர் குதிரை மேல கம்பளிய ஏத்திக்கிட்டுக் கிளம்பிட்டா. லொடக் லொடக்னு கல்லு மேல ஏறி, ஒரு ஆத்தைக் கடந்து, உச்சியில காத்து ஊஊன்னு அடிக்க, நாலாம் நாள் கடலுக்குப் போய்ச் சேந்தா. கம்பளியக் குடுத்து மூணு மூட்டை உப்பு வாங்கினா.

திரும்பும்போது மழை. முழங்கால் தண்ணியா இருந்த ஆறு இப்போ மாரளவு, ஹோன்னு ஓடுது. குதிரை சுமையோட இறங்க மாட்டேன்னு நின்னுடுச்சு. உப்பு நனைஞ்சா போச்சுல்ல? அப்போ அவ ஒரு மூட்டையத் தலையில வெச்சு இறங்கினா. ஐஸ் தண்ணி, பல்லு கடகடங்குது. அக்கரையில வெச்சுட்டுத் திரும்பி வந்தா. ரெண்டாவதும் போய்ச் சேந்துச்சு. மூணாவது தடவை காலு மரத்துப்போய் வழுக்கிடுச்சு. பொளக்னு மூட்டை தண்ணியில. பிடிக்கப் போனா அவளும் போயிருப்பா. விட்டுட்டா. கரையில உக்காந்து கொஞ்ச நேரம் அழுதா. ம், அழுதாதான். அப்புறம் சுமையில்லாத குதிரைய இழுத்து அக்கரை ஏத்திட்டு நடந்தா.

ஊர் வந்து ரெண்டு மூட்டைய பதினோரு பண்ணைக்கும் பங்கு போட்டா. மறுநாள் விடிஞ்சதும் கோடாலியத் தூக்கிக்கிட்டு மலைப்பக்கம் போறா.

"இப்ப எங்க?"ன்னாரு தோர்கெல்.

"அந்த ஆத்துல பாலம் போட. ரெண்டு மூட்டை பத்தாது. பனி விழ பத்து நாள் இருக்கு."

அவரு உள்ள போய் தன்னோட கோடாலிய எடுத்துட்டு வந்தாரு. சாயங்காலத்துக்குள்ள பதினோரு பண்ணையிலேருந்தும் ஆள் வந்தாச்சு. டொக் டொக்னு காடே அதிருது. ஒன்பதாம் நாள் பாலத்துல உப்பு வாங்க முதல் குதிரை போச்சு.

சண்டை முடிஞ்சு தெக்குப் படகு வந்துச்சு. ஆனா அந்தப் பள்ளத்தாக்குக்காரங்க அப்புறம் யாருக்காகவும் காத்திருக்கல. அவங்க கடலுக்குப் போற வழி அந்தப் பாலம்தான்னு ஆயிடுச்சு.

எல்லாரும் அக்கரை சேந்தாச்சு, கதையும் சேந்தாச்சு. நீ தூங்கு.