கைமாற்று

குருவென்றால் தாடி, சீடனென்றால் குடுமி என்று நினைத்துக்கொண்டு இந்தக் கதைக்குள் யாரும் வர வேண்டாம். இதில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம், கிட்டத்தட்ட இரட்டிப்பு.

குருவின் பெயர் ரெபேக்கா. மேகம் சொல்லாமல் கொள்ளாமல் வாசலுக்குள் நுழைந்துவிட்டுப் போகும் ஒரு மலையூரில், ஓட்டு வீடொன்றில் படம் வரையக் கற்றுக்கொடுப்பவள். சீடர் தணிகாசலம், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் நேர்கோடு போட்ட மனிதருக்கு வளைவு போட இப்போதுதான் நேரம் கிடைத்திருந்தது.

அவர் போட்ட கோடுகளைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. சொந்த அண்ணனே வந்து கெஞ்சியும் வரப்பை ஒரு விரற்கடை நகர்த்தவில்லையாம். அண்ணன் அதன்பிறகு பேசவே இல்லை. "அளந்ததைத்தான் போடுவேன், ஆசைப்பட்டதைப் போட மாட்டேன்" என்று தணிகாசலம் அதையும் பெருமையாகத்தான் சொல்வார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பார்.

ரெபேக்கா அவரை ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தாள். ஆளுக்கொரு ஊரில் இருக்கும் ஓவிய நண்பர்கள்; பலர் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. ஒருவர் தமக்குப் பிடித்த சினிமாவிலிருந்து ஒரு காட்சியைக் கடிதத்தில் சொல்ல வேண்டும். மற்றவர் அதை ஒரு கார்டில் வரைந்து தபாலில் அனுப்ப வேண்டும். பிறகு அவர் சொல்ல, இவர் வரைய வேண்டும். வட்டியும் இல்லை, கணக்கும் இல்லை என்பதால் அதற்குக் 'கைமாத்து' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு சாயங்காலம் தணிகாசலம் மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தார்.

"டீச்சர், பெரிய சங்கடம்."

"கோட்டைக் கழட்டுங்க சார். என்ன ஆச்சு?"

"கைமாத்துல எனக்கு வந்தது, அந்தக் கோவில்பட்டிப் பக்கத்து அம்மா. செண்பகவல்லி."

"குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் போடறவங்க. நல்லவங்களாச்சே."

"நல்லவங்கதான். அதான் சங்கடம்."

செண்பகவல்லி சொல்லியிருந்தது ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம். வீடு வாசல் இல்லாத இருவர் ஒரு படகில் போகிறார்கள். நமக்கென்று ஒரு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்கிறாள் அவள். அவன் எழுந்து, நமக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, பாய்மரத் துணியில் கரித்துண்டால் ஒரு வீடு வரைகிறான். காற்று வருகிறது. பாய் உப்புகிறது. வீடு மூச்சு வாங்கிக்கொண்டு நிலவை நோக்கி மெல்ல நகர்கிறது.

"இடது கையால வரைஞ்சான்னு எழுதியிருக்கு" என்றார் தணிகாசலம்.

அந்தப் படத்தைச் செண்பகவல்லி பார்த்தது சின்னப் பிள்ளையாக, ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்கு வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிப் போட்டபோது. அவளுக்கு இடது கைப் பழக்கம். பள்ளிக்கூடத்தில் அந்தக் கையின் முட்டியில்தான் அடி விழும். பந்தியில் அதைப் பாவாடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு உட்காருவாள். அன்றைக்கு அவன் கையைப் பார்த்தாள். விடிந்ததும் ஓர் அடுப்புக்கரியை எடுத்து, இடது கையாலேயே சுவரில் ஒரு வீடு வரைந்தாள். அன்று எடுத்த கரியை இன்னும் கீழே வைக்கவில்லை. அந்தப் படத்தை மறுபடி பார்த்ததே இல்லையாம். பார்த்தால் கலைந்துவிடுமோ என்று பயம். நீங்கள் வரைந்து அனுப்பினால் பார்த்துக்கொள்கிறேன் என்று முடித்திருந்தாள்.

"நான் போன்ல தேடிப் பிடிச்சுப் பாத்துட்டேன் டீச்சர்."

"சரி."

"அவன் வலது கைக்காரன்."

ரெபேக்கா கழுவிக்கொண்டிருந்த தூரிகையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டாள்.

"நல்லாப் பாத்தீங்களா?"

"நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். கை மட்டுமில்ல. நிலா இடப்பக்கம்னு அந்தம்மா சொல்லுது, படத்துல வலப்பக்கம். படகுகூட எதிர்த்திசையில போகுது. ஒண்ணாவது சரியா இருக்கணுமே! கனவு கினவு கண்டிருக்கும்போல."

சட்டைப் பையிலிருந்து கார்டை எடுத்து வைத்தார். படகு, பாய், நிலா எல்லாம் அழகாகத்தான் வந்திருந்தன. கரி வலது கையில் இருந்தது. அதோடு ஒரு துண்டுக் காகிதம்: 'தங்கள் நினைவில் சிறு பிழை உள்ளது.'

"வர்ற வழியிலதானே தபாலாபீஸ். போட்டிருக்கலாமே?"

"பெட்டிக்குள்ள கையை விட்டேன் டீச்சர். விரல் பிரியல." அவர் குரல் இறங்கிவிட்டது. "அந்தம்மா கை மொத்தமும் அவன் கையை நம்பி வாழ்ந்திருக்கு. அதை நான் போய் வெட்டறதா? ஆனா பொய்க் கோடு போட எனக்கு வராது. அதுக்காகக் கூடப் பொறந்தவனையே விட்டவன் நான். இப்ப ஒரு சினிமாவுக்காகப் போட்டேன்னா, அன்னைக்கு எதுக்கு விட்டேன்?"

ரெபேக்கா தண்ணீரிலிருந்து தூரிகையை எடுத்துத் துடைத்து வைத்தாள்.

"சொல்லுங்க டீச்சர். உண்மையை அனுப்பறதா, அந்தம்மாவுக்குப் பிடிச்சதை அனுப்பறதா?"

"டீ போடறேன்" என்றாள்.

குருமார்கள் இப்படித்தான். கேட்டதற்குப் பதில் வராது, கேட்காத டீ வரும். ஜன்னலோரம் இருந்த அடுப்பில் தண்ணீர் கொதித்தது. ஆவி எழும்பிக் கண்ணாடியில் படிந்து, வெளியே இருந்த மரம், வேலி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தது. டீத்தூள் போடாமலேயே அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலைக் காட்டினாள்.

"அதுல வரைங்க."

"எதை?"

"போன்ல பாத்ததை. பாத்தபடியே."

தணிகாசலம் ஆள்காட்டி விரலால் வரைந்தார். படகு வந்தது. பாய் வந்தது. முதுகைக் காட்டி நிற்கும் ஒருவன், உயர்ந்த வலது கை, பாதி முடிந்த வீடு. வலப்பக்கத்தில் நிலா.

"சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"அச்சு அசல்."

"இப்ப வெளியில போய் நில்லுங்க."

"குளிருமே டீச்சர்."

"குளிரும்."

மழைக்கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு, முணுமுணுத்தபடி சுற்றிக்கொண்டு போனார். மேகம் முற்றத்தில் இறங்கியிருந்தது. காலுக்குக் கீழே தரை தெரியவில்லை. ஜன்னல் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. மேகம் அதைத் தாண்டிப் போகப் போக, வீடே மெல்ல எங்கோ நகர்ந்துகொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றியது. ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தார்.

நிலா இடப்பக்கம் இருந்தது. படகு எதிர்த்திசையில் போனது. முதுகைக் காட்டி நின்றவன் உயர்த்தியிருந்தது இடது கை.

அவர் தம் இரண்டு கைகளையும் தூக்கி மாறி மாறிப் பார்த்துக்கொண்டார். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"டீச்சர்! அந்தம்மா துணிக்குப் பின்பக்கம் உக்காந்து பாத்திருக்கு!"

"கொடைக்குத் துணி கட்டினா எல்லாருக்கும் முன்பக்கம் கிடைச்சிடுமா சார்?" உள்ளிருந்து குரல் வந்தது.

"எனக்கு எப்பவும் முன்னால நாற்காலி போடுவாங்க."

"ம்."

சர்வேயர் புத்தி லேசில் விடுமா? மறுபடி குரல் கொடுத்தார்.

"சரி, பின்பக்கம் அப்படித்தான் தெரியும். ஒத்துக்கறேன். ஆனா கார்டுல எதைப் போடறது?"

"அளக்கப் போனா முதல்ல எதைக் குறிப்பீங்க?"

"நிக்கிற இடத்தை. அது தெரியாம அளவெடுத்தா கோடு அடுத்தவன் வயலுக்குள்ள…" சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

"இப்ப எங்க நிக்கிறீங்க?"

"வெளியில."

"அங்கேருந்து அவன் எந்தக் கையால வரையறான்?"

அவர் கண்ணாடியை இன்னொரு முறை பார்த்தார்.

"இடது கை."

ஜன்னலின் இன்னொரு கதவு திறந்தது. ஒரு வெள்ளைக் கார்டும் ஒரு கரித்துண்டும் மேகத்துக்குள் நீண்டன.

"அளந்ததைப் போடுங்க சார்."