முடக்கியது இருபத்திரண்டு, தேடியது ஒன்று

பச்சைமேடு எஸ்டேட்டில் பிள்ளைக் காப்பகத்து ஆயா ரோசிலி. மேனேஜர் துரை அவளிடம் ஒரு புது செல்போனைக் கொடுத்தார்.

"தினமும் பத்து மணிக்குள்ள எல்லாப் பிள்ளைங்க படமும் எனக்கு வரணும். போன் எஸ்டேட் சொத்து. அதோட வந்தது ஒண்ணையும் நீக்கக் கூடாது. தவறினா வேலையும் கிடையாது, எஸ்டேட் குடுத்த லயன் வீடும் கிடையாது."

வீடு போனால் மூன்று பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? அந்தப் போனோ விளையாட்டு, வியாபாரம், சோதிடம் என்று செயலிகள் நிரம்பியே வந்திருந்தது. படம் எடுக்கப் போனால் அப்படியே நின்றுவிடும்.

இரண்டு நாள் படம் நேரத்துக்குப் போகவில்லை; இன்னொரு நாள் தவறினால் அவ்வளவுதான் என்றார் துரை. மூன்றாம் நாள் காலையில் ரோசிலி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். 'நீக்கு' என்ற பொத்தானே இல்லை, 'முடக்கு' என்றுதான் இருந்தது. வேண்டாத இருபத்திரண்டையும் முடக்கினாள். படங்கள் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தன.

பத்து மணிக்குத் துரை ஆபீஸ் ஆட்களோடு வந்து போனைப் பிடுங்கிப் பார்த்தார்.

"பாதியைக் காணோமே! நீக்கிட்டியா?"

"நீக்கலைங்க தொரை, முடக்கித்தான் வச்சிருக்கேன்." "எது வேணும்னு பேரைச் சொல்லுங்க, இப்பவே எழுப்பிடறேன்."

"எதுவா? அந்த ரம்மி சீட்டாட்டம் எங்க?"

"இருபத்திரண்டுல தொரைக்கு அது ஒண்ணுதான் ஞாபகம் வருதுங்களா? எழுப்பிடறேங்க. பிள்ளைங்களுக்கு அது எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க."

பின்னால் நின்ற கிளார்க்குக்குத் திடீரென்று இருமல் வந்தது. துரை போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப முடங்கியே இருக்கட்டுங்களா?"

"இருக்கட்டும்" என்று முனகிக்கொண்டே ஜீப்பில் ஏறினார் துரை.