காணாமல் போன குன்றிமணிகள்

குளக்கரையில் நின்ற மொட்டைப் பனையின் பொந்தில் ஒரு மைனாக் குடும்பம் இருந்தது. அம்மா மைனா, இரண்டு தம்பிகள், மூத்ததாக ஓர் இளம் மைனா. பனை செத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. காற்றடித்தால் கிறீச் கிறீச்சென்று ஆடும். அடுத்த ஐப்பசி மழைக்கு அது நிற்காது என்று குளத்துத் தவளைக்குக்கூடத் தெரியும்.

பக்கத்து மருத மரத்தில் நல்ல பொந்து ஒன்று காலியாக இருந்தது. அது ஆந்தைக்குச் சொந்தம்.

"விலை அறுபது குன்றிமணி!" என்றது ஆந்தை. "ஆவணி முடியறதுக்குள்ள இருபது அட்வான்ஸ் குடுத்தா குடி வந்துடலாம். மிச்சத்தை அடுத்த தைக்குள்ள குடுங்க. ஆவணி தாண்டுச்சோ, கிளிக்குக் குடுத்துடுவேன். அது இப்பவே நச்சரிச்சுக்கிட்டு இருக்கு!"

அந்தக் காடுகளில் குன்றிமணிதான் பணம். இளம் மைனாவுக்கோ கைத்தொழில் ஒன்றே ஒன்றுதான். எந்தப் பிராணியின் குரலைக் கேட்டாலும் அதே குரலில் திருப்பிப் பேசும். வாத்திடம் வாத்தாகப் பேசும், காக்கையிடம் காக்கையாகப் பேசும். யாரையாவது பார்க்கப் போவதென்றால் கிளம்புவதற்கு முன்பே அவர்கள் குரலில் இரண்டு வரி சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

இந்தத் திறமைக்கு உப்பங்கழிக்கு அப்பால் நாரைத் தீவில் நல்ல கிராக்கி இருந்தது. நாரைகளுக்குக் குஞ்சாக இருக்கும்வரைதான் குரல். வளர்ந்துவிட்டால் அலகைத் தட்டித்தான் பேச முடியும். "எங்க பிள்ளைங்களாவது நாலு குரல் கத்துக்கட்டும்!" என்று அவை பள்ளிக்கூடம் வைத்தன. டீச்சர் வேலை மைனாவுக்குக் கிடைத்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி பன்னிரண்டு குன்றிமணி சம்பளம்!

"அஞ்சே மாசம்! அறுபதையும் மொத்தமா அனுப்பிடறேன்மா!" என்று சொல்லிவிட்டுத் தை மாதம் பறந்தது மைனா.

தீவில் அலையாத்தி மரம் ஒன்றில் மரங்கொத்தியின் பொந்து வாடகைக்குக் கிடைத்தது. மாதம் இரண்டு மணி. சாப்பாட்டுக்குச் செலவில்லை, புழுவும் பூச்சியும் மண்டிக் கிடந்தன. சம்பளத்தை மரத்தடியில் வேருக்குள் இருந்த குழியில் போட்டு, இலையால் மூடி வைத்தது.

ஒரு மாதம் போனது. ஐந்து மாதம் போனது. அறுபதைக் காணோம். சரி, இன்னும் இரண்டு மாதம் பார்ப்போம் என்று பார்த்தது. ஆடிப் பௌர்ணமியும் வந்தது. சம்பளத்தைப் போட்டுவிட்டு, குழியில் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்துப் பரப்பியது.

ஏழு மாதச் சம்பளம் எண்பத்து நான்கு. வாடகை பதினான்கு போனால் எழுபது இருக்க வேண்டும். இருந்தது பதினேழு!

மைனா மறுபடி எண்ணியது. பதினேழுதான். இலையைப் புரட்டிப் பார்த்தது. குழிக்குள் தலையை விட்டுத் தேடியது. தனக்குத்தான் எண்ணத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வந்து, தன் வகுப்பிலேயே கெட்டிக்கார நாரைக் குஞ்சைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னது.

"பதினேழு டீச்சர்!" என்றது குஞ்சு.

அப்படியானால் மீதி எங்கே போயிற்று? பாட்டுக் கச்சேரி என்று அது எங்கும் போகவில்லை. ஆடம்பரமாக ஒரு பட்டுப்பூச்சிகூட வாங்கித் தின்னவில்லை. யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கடைசியில் ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது.

திருட்டு!

மரத்தடிச் சேற்றில் ஒரு நண்டு இருந்தது. வெயில் ஆகாது என்று வளையை விட்டு வெளியே வராது. ஆனால் காது கூர்மை.

"அண்ணாச்சி, நான் படிப்பு சொல்லிக் குடுக்கப் போயிடறேன். என் குழிப் பக்கம் யார் வர்றாங்கன்னு கொஞ்சம் கவனிச்சுக்குங்க. கூலி வேணும்னாலும் தர்றேன்!"

"மணியை வெச்சு நான் என்ன செய்ய? தின்னா விஷம், போட்டுக்கக் கழுத்தும் இல்லை!" என்றது நண்டு. "நீ போ தாயி. யார் வந்தாலும் குரலை வெச்சே சொல்லிடுதேன்."

பதினைந்து நாள் கழித்து மைனா குழியைப் பார்த்தது. பதினொன்று!

"அண்ணாச்சி! ஆறு போச்சே! யார் வந்தது?"

"மூணு பேர்," என்றது நண்டு, வளைக்குள் இருந்தபடியே. "முதல்ல ஒரு வாத்து. 'டக் டக் டக்'னு மணிச் சத்தம், மூணை எடுத்துட்டுப் போச்சு. அப்புறம் ஒரு காக்கா, ரெண்டு. நேத்து ஒரு நாரை. 'கடகட'ன்னு அலகைத் தட்டிக்கிட்டே ஒண்ணை எடுத்துது."

"வாத்தக்காவா!"

பக்கத்துப் புதரில் இருக்கும் வாத்து, தீவுக்கு வந்த முதல் நாளே எந்தச் சேற்றில் புழு கொழுத்திருக்கும் என்று காட்டிக் கொடுத்த வாத்து. அதுவா? கோபம் ஒரு பக்கம், நம்ப முடியாத குழப்பம் மறுபக்கம். ஆனால் நண்டு பொய் சொல்லாது.

நேராகப் பள்ளிக்கூடத் திடலுக்குப் பறந்தது. அங்கே தலைமை நாரை நின்றிருந்தது. ஊரிலிருந்து சேதி கொண்டுவரும் காக்கையும் இருந்தது. வாத்து தன் ஐந்து குஞ்சுகளோடு புல் மேய்ந்துகொண்டிருந்தது.

"மூணு பேரும் இங்கேயே இருக்கீங்களா! நல்லதாப் போச்சு! என் மணியைத் திருடினது நீங்கதானே?"

வாத்து தலையை நிமிர்த்தியது. "யாரைப் பார்த்துத் திருடின்னு சொல்றே புள்ள?"

"உங்களைத்தான்! மூணு மணி எடுத்தீங்க! நண்டு அண்ணாச்சி காதால கேட்டிருக்கார்!"

"அட என் தங்கச்சி!" என்று காக்கை குதித்தது. "கூலி வாங்கித்தான்மா எனக்குப் பழக்கம். திருட்டு எல்லாம் வடையோட சரி!"

தலைமை நாரை கோபமாக அலகைத் தட்டியது. "கடகடகட! டீச்சர், விசாரிக்காம பேசக் கூடாது. எல்லாரும் நண்டுகிட்ட வாங்க!"

எல்லோரும் மரத்தடிக்குப் போனார்கள்.

"நண்டே, வந்த வாத்து ஏதாவது பேசிச்சா?" என்று கேட்டது நாரை.

"பேசாம எப்படி? 'ஐயோ, அஞ்சு குஞ்சு பொரிச்சிருக்காளே, மூணு மணியாவது மொய் வைக்கலைன்னா நல்லா இருக்குமா' அப்படின்னு சொல்லிக்கிட்டே எடுத்துச்சு."

வாத்து சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றது. "அஞ்சு குஞ்சும் என்னுது! என் வீட்டு விசேஷத்துக்கு நானே திருடி நானே மொய் வைப்பேனா? அந்த மூணை மொய் வெச்சது இந்த டீச்சரம்மாதான்!"

"காக்கா என்ன சொல்லிச்சு?"

"'பெரியப்பன் மகனுக்கு இறகு முளைச்சிருக்கு, வெளிநாட்டுக்காரி நீ செய்யாம யார் செய்யறது' அப்படின்னு ஒண்ணை எடுத்துது. 'ஊர் அத்திப்பழம், வாய்க்கு ருசியா இருக்கும்'னு இன்னொண்ணு."

"அதெல்லாம் நான் இவகிட்ட சொன்ன பேச்சு," என்றது காக்கை. "சொன்னது நிசம். ஆனா மரத்தடிக்கு நான் வரவே இல்லை!"

"நாரை?"

"'விருந்துக்கு எல்லாரும் போடறாங்க, நாம மட்டும் போடலைன்னா என்ன நினைப்பாங்க' அப்படின்னு தட்டுச்சு."

தலைமை நாரை மைனாவைப் பார்த்தது. வாத்தும் பார்த்தது. காக்கை ஒற்றைக் கண்ணைச் சாய்த்துப் பார்த்தது.

மைனா குனிந்து தன் காலைப் பார்த்தது.

வாத்தைப் பார்க்கக் கிளம்பும்போது வாத்துக் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே குழிக்குள் காலை விட்டது யார்? மைனாவேதான். காக்கைக்கு, நாரைக்கு, எல்லாவற்றுக்கும் அதுவேதான். மூன்று எடுத்தது நினைவில்லாமல் இல்லை. ஆனால் வாத்தின் குரலில் எடுத்தபோது அது வாத்தின் செலவு போலத்தான் இருந்தது. காக்கையின் குரலில் எடுத்தது காக்கையின் செலவு. தன் செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை! அதனால்தான் கணக்கு உதைத்தது.

மொய் என்றால் வைத்தது திரும்பி வரும் என்று ஊரில் சொல்வார்கள். இங்கே திரும்பி வர வேண்டுமானால் மைனா தீவிலேயே முட்டையிட்டு விசேஷம் வைத்தாக வேண்டும்! ஏழு மாதத்தில் பதினெட்டு விசேஷத்துக்கு மொய் வைத்திருந்தது.

வாத்து குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

எல்லோரும் போன பிறகு மைனா கேட்டது: "அண்ணாச்சி, இத்தனை குரல் கேட்டீங்களே. இதுல என் குரல் எது?"

"எனக்கென்ன தெரியும்?" என்றது நண்டு. "நீ அதுல பேசி நான் கேட்டதே இல்லையே!"

ஆவணிப் பௌர்ணமி வந்தது. அன்று காலையே காக்கை வந்து சேர்ந்தது.

"தங்கச்சி, ஊர்ல உன்னைப் பத்தித்தான் பேச்சு! மைனா மணியில குளிக்குதாம்! ஆனா ஆந்தை முறைச்சுக்கிட்டு நிக்குது. அட்வான்ஸ் வரலைன்னா பொந்து கிளிக்குத்தானாம். பனை வேற ஒரு பக்கமாச் சாஞ்சிருச்சு. உங்கம்மா ராத்திரியில தூங்கறதே இல்லை."

மைனா சம்பளத்தை வாங்கிக் குழியில் போட்டது. பதினொன்றும் பன்னிரண்டும் இருபத்து மூன்று. வாடகை இரண்டு. காக்கைக்குக் கூலி ஒன்று. சரியாக இருபது மிஞ்சும். ஒன்று குறைந்தாலும் பொந்து போச்சு!

முதலில் தலைமை நாரை வந்தது. "கடகட! டீச்சர், இன்னிக்கு மீன் விருந்து. ஆளுக்கு ஒண்ணே ஒண்ணுதான்!"

மைனாவின் அலகு தானாகவே தட்டக் கிளம்பியது. அதை இறுக மூடிக்கொண்டது. "இந்த மாசம்..." என்று தொடங்கியது. குரல் பாதி நாரையும் பாதி வாத்துமாக வந்து, நடுவில் உடைந்து நின்றது. அதற்கு மேல் சொல்லத் தெரியாமல், தலையை மட்டும் இல்லை என்று ஆட்டியது.

நாரை அதை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது.

"அத்திப்பழம் கொண்டு வந்திருக்கேன்," என்று காக்கை குழைந்தது. "நம்ம ஊர் மரத்துது. ஒண்ணே ஒண்ணு!"

பழத்தின் வாசனை வந்தது. மைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி தலையை ஆட்டியது.

அப்போதுதான் வாத்து வந்தது. அன்றைக்குப் பிறகு அது மைனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது சேற்றோரத்தில் தயங்கித் தயங்கி நின்றது.

"என் தங்கச்சி முட்டை பொரிச்சிருக்கா. உன்னையும் கூப்பிடச் சொன்னா. என்ன இருந்தாலும் பக்கத்து வீடு."

மைனா குழிப் பக்கம் பார்த்தது. ஒரு மணி வைத்தால் போதும், உறவு ஒட்டிவிடும். திருடி என்று சொன்ன பாவமும் தீர்ந்துவிடும். ஒன்றே ஒன்று! 'அதுக்கென்னக்கா, வந்துட்டாப் போச்சு' என்று வாத்துக் குரல் நாக்கு நுனியில் வந்து நின்றது. சாய்ந்த பனையும் கண்முன் வந்து நின்றது.

"அக்கா..." என்றது மைனா.

கரகரவென்று, கொஞ்சம் கீச்சென்று, அதற்கே பழக்கமில்லாத ஒரு குரல் வந்தது.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. எல்லார் முன்னாலயும் பேசினேன், எல்லார் முன்னாலயும் வந்து மன்னிப்புக் கேட்கறேன். ஆனா மொய் வைக்க என்கிட்ட இல்லைக்கா. இருக்கறது இருபது. அது எங்கம்மா பொந்துக்கு."

வாத்து அதையே உற்றுப் பார்த்தது. "இது யார் குரல்?"

"என்னுதுன்னு நினைக்கறேன்."

"கேட்கவே சகிக்கலை!" என்றது வாத்து. பிறகு அதன் வால் ஒரு தரம் ஆடியது. "சரி, வெறுங்கையோட வா. வந்து சாப்பிட்டுட்டு, தங்கச்சி குஞ்சுங்களுக்கு ரெண்டு குரல் சொல்லிக் குடு. மொய்னு எழுதிக்கறோம்!"

மைனா மரத்தடிக்குப் போனது. எடுப்பதை எல்லாம் அந்தக் கரகரத்த குரலிலேயே வாய்விட்டு எண்ணி எடுத்தது. வாடகையைக் கொடுத்தது. கூலியைக் கொடுத்தது. இருபதையும் இலையில் பொதிந்து காக்கையின் காலில் கட்டியது. காக்கை கழியைத் தாண்டிப் புள்ளியாகும்வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

வளைக்குள்ளிருந்து நண்டு பதறியது. "ஏ மைனா! மோசம் போயிட்டோம்! இன்னிக்குப் புதுசா ஒருத்தி வந்தா. வாத்தும் இல்லை, காக்காவும் இல்லை. ஒண்ணு விடாம எண்ணி, அத்தனையும் அள்ளிட்டுப் போயிட்டா! போய்ப் பிடி!"

"விடுங்க அண்ணாச்சி," என்றது மைனா. "அவதான் மணிக்குச் சொந்தக்காரி."

ஐப்பசி முதல் காற்றிலேயே மொட்டைப் பனை விழுந்தது. அப்போது அதில் யாரும் இல்லை. அம்மாவும் தம்பிகளும் மருத மரத்துப் பொந்தில் இருந்து அதைப் பார்த்தார்கள்.

ஆந்தைக்குத் தர வேண்டிய மிச்சம் நாற்பது? தைக்குள் சேருமா என்று மைனாவுக்கு இன்னும் குழப்பம்தான். இப்போதும் சில நாள் குழிக்குள் காலை விடும்போது வாத்துக் குரல் வந்துவிடுகிறது. உடனே காலை வெளியே எடுத்துக்கொண்டு, "இது யாரு?" என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது.

எல்லார் குரலிலும் 'சரி' சொல்லத் தெரிந்தவர், தன் குரலில் 'இல்லை' சொல்லக் கற்காதவரை, எத்தனை கடல் தாண்டிச் சம்பாதித்தாலும் கையில் ஒன்றும் தங்காது.