உள்ளேன் ஐயா

இது நான் கண்ணால் பார்த்தது இல்லை. இப்போது நான் வேலை செய்யும் இடத்தில், நான் சேர்வதற்கு முன்பு நடந்தது. அப்போது உடனிருந்த ஸ்டெல்லா அக்கா சொன்னார். அவருக்கே நிச்சயமில்லாத இடங்களை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

"இந்த டிரைவர் வேலைக்கு ஆகாதுங்க மேடம்," என்றார் நாச்சிமுத்து.

மெஹருன்னிசா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"என்னாச்சுங்க சார்?"

இவர் அவரை மேடம் என்பார். அவர் இவரை சார் என்பார். மெஹருன்னிசா கல்லூரியில் நாச்சிமுத்துவிடம் படித்தவர். பிள்ளைகள் சேராமல் அந்தக் கல்லூரியை மூடிவிட்டார்கள். அதன் பிறகு, தலையில் பாதி நரைத்த வயதில், நாச்சிமுத்து கோவையில் கணினி செய்து விற்கும் இந்தச் சின்ன நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு மெஹருன்னிசாவுக்கு வந்தது.

அலுவலகத்தில் இதைப் பார்த்துச் சிரித்ததெல்லாம் முதல் வாரத்தோடு சரி.

"மிஷின் ஆன் ஆகும்போதே ஃபெயில் ஆகுதுங்க," என்றார் நாச்சிமுத்து.

டிரைவர் என்றால் ஒரு சின்ன நிரல். கணினி கண் விழிக்கும்போது கூடவே எழும். உள்ளே சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா என்று போர்டில் இருக்கும் ஒரு சிப்பைக் கேட்டு வந்து சொல்லும். அவ்வளவுதான் அதன் வேலை.

அந்தக் கணினி ஒரு ரத்த வங்கிக்குப் போக வேண்டியது. ரத்தப் பைகள் வைத்திருக்கும் குளிர்பெட்டிகளை அங்கே அதுதான் கவனிக்கப் போகிறது. வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். திரையில் சிவப்பு வரி இருந்தால் வாங்க மாட்டார்கள்.

நாச்சிமுத்துவின் பயிற்சிக் காலமும் அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. வேலையில் வைத்துக்கொள்வதா, வேண்டாமா என்று மேலாளர் தாமோதரன் சொல்லும் நாள்.

"அது என்ன சொல்லுதுங்க சார்?"

"ஃபெயில்னு."

"அது நீங்க சொல்றது. டிரைவர் என்ன சொல்லுது?"

நாச்சிமுத்து போய்ப் படித்துவிட்டு வந்தார்.

"சிப் இல்லைங்குது மேடம்."

"சரிங்க சார்."

மெஹருன்னிசா டம்ளரை எடுத்துக்கொண்டார். இன்னும் ஏதாவது வரும் என்று நாச்சிமுத்து நின்று பார்த்தார். வரவில்லை.

மறுநாள் வந்தார்.

"சிப்பு எந்திரிக்கறதுக்கு முன்னாடியே போய்க் கேட்டுருதோன்னு, டிரைவரைக் கொஞ்சம் காத்திருக்க வெச்சேனுங்க."

"என்ன சொல்லுது?"

"சிப் இல்லைங்குது."

"சரிங்க சார்."

அதற்கும் மறுநாள் வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஒரு வாசல்ல இல்லாட்டி இன்னொரு வாசல்ல இருக்கும்னு, எல்லா வாசலையும் தட்டச் சொல்லிட்டேன்."

"திரும்பத் திரும்பவா?"

"விடாம."

"என்ன சொல்லுது?"

"அதேதானுங்க."

"பாவம்," என்றார் மெஹருன்னிசா.

யாரைச் சொன்னார் என்று நாச்சிமுத்துவுக்கு விளங்கவில்லை. கோபம் மட்டும் வந்தது.

"இத்தனை வருசம் பாடம் எடுத்தவன் மேடம் நானு. தெரிஞ்சதை நேராச் சொன்னாப் புரிஞ்சுக்க மாட்டேனா?"

"எனக்கும் தெரியாதுங்க சார். தெரிஞ்சது அந்த டிரைவர் ஒண்ணுக்குத்தான். அதைத்தான் நீங்க போட்டு அடிக்கிறீங்க."

நாச்சிமுத்து தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார். அடிக்கிறேனா, என்ன பேச்சு இது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி கேட்டார்: "வெள்ளிக்கிழமை என்னங்க சொல்லுவாங்க?"

"எல்லாம் நல்லதாத்தான் சொல்லுவாங்க," என்றார்.

வியாழக்கிழமை காலை தாமோதரன் அந்தப் பக்கம் வந்தவர் நின்றார்.

"அந்தச் சிவப்பு போகணும் சார். எப்படியோ, போகணும்."

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு திரை பச்சையாகிவிட்டது.

நாச்சிமுத்து செய்தது பெரிய வேலை இல்லை. சிப் பதில் சொல்லாவிட்டால், சூடு முப்பத்தெட்டு டிகிரி, விசிறி நன்றாகச் சுற்றுகிறது என்று டிரைவரே சொல்லிவிடும்படி சில வரிகள் எழுதினார். இப்போதைக்குத்தான், அப்புறம் சரி பண்ணிவிடலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டபோது இருந்த தைரியம் மெஹருன்னிசா வந்து பக்கத்து நாற்காலியை இழுத்தபோது இல்லை.

"பச்சை," என்றார் மெஹருன்னிசா.

"ஆமாங்க மேடம்."

"முப்பத்தெட்டு டிகிரி."

"ஆமாங்க."

அவர் எழுதியிருந்த வரிகளை மெஹருன்னிசா மேலிருந்து கீழே ஒருமுறை படித்தார். எழுந்து, கூடத்தில் இருந்தவர்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் இங்க வாங்க. சார் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போறாரு."

"எதுக்குங்க மேடம்?" என்றார் நாச்சிமுத்து.

"ரொம்ப நாளாச்சுல்லங்க சார். எடுங்க."

"காலேஜ் ஞாபகம் வந்துருச்சு மேடத்துக்கு," என்றார் ஸ்டெல்லா.

"இவரு கிளாஸ்ல பிரசன்ட் சார்னு சொன்னா ஏத்துக்க மாட்டாரு. உள்ளேன் ஐயான்னுதான் சொல்லணும். தெரிஞ்சுதா?"

எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நாச்சிமுத்துவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தொண்டையைச் செருமியதும் பழைய குரல் தானாக வந்துவிட்டது.

"ஸ்டெல்லா."

"உள்ளேன் ஐயா!"

"மெஹருன்னிசா."

"உள்ளேன் ஐயா."

"இளம்பரிதி."

பதில் இல்லை. கூட வேலை செய்யும் இளம்பரிதி, தங்கை கல்யாணத்துக்காக லீவு போட்டுவிட்டுப் பொள்ளாச்சி போயிருந்தான். வரிசையைச் சொல்லிப் பழகிய வாய், அவனையும் கூப்பிட்டுவிட்டது.

"கூப்பிட்டது கூப்பிட்டாச்சு. இன்னொரு தடவை கூப்பிடுங்க சார்," என்றார் மெஹருன்னிசா.

"இளம்பரிதி."

"உள்ளேன் ஐயா," என்றது ஒரு கட்டைக் குரல்.

மெஹருன்னிசா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கூடமே சிரித்தது. ஸ்டெல்லா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

நாச்சிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது. கல்லூரியில் தலையை நிமிர்த்தாமலே, குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். அந்தக் காலத்து அதட்டல் வாயில் வந்து நின்றது.

"யாரது? ஆள் இல்லைன்னா இல்லைன்னு விடணும். என்கிட்டயே ப்ராக்ஸி..."

பாதியில் நிறுத்தினார்.

சிரித்தவர்கள் ஏன் நிறுத்தினார் என்று பார்த்தார்கள். மெஹருன்னிசா மட்டும் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சிமுத்து திரும்பி நடந்தார். கணினியை அணைத்தார். கரண்டு வயரைப் பிடுங்கினார். மேஜை மேல் கிடந்த திருப்புளியை எடுத்து ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். மூடியைத் தூக்கினார்.

போர்டின் ஓரத்தில் வெள்ளை மையில் ஒரு சின்னச் சதுரம் அச்சாகியிருந்தது. பக்கத்தில் சிப்பின் பெயர். சதுரத்துக்குள் வரிசையாக ஈயப் புள்ளிகள். அவற்றின் மேல் ஒன்றும் இல்லை. பந்தியில் இலை போட்டு, ஆள் வராத இடம் மாதிரி இருந்தது.

போர்டு அனுப்பியவர்கள் விலை குறைந்த மாடலை மாற்றி அனுப்பியிருக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றேபோல் இருக்கும்.

"மேடம்," என்றார் நாச்சிமுத்து. "ஆளே இல்லைங்க."

மெஹருன்னிசா குனிந்து பார்த்தார்.

"அட," என்றார். அவருக்கும் அப்போதுதான் தெரியும்.

நாச்சிமுத்து நேராகத் தாமோதரன் அறைக்குப் போனார்.

"நாளைக்கு அனுப்ப முடியாதுங்க."

"ஏங்க? இப்பத்தான பச்சையா இருந்துச்சு?"

"அந்தப் பச்சை நான் சொல்ல வெச்சதுங்க. அதுல சூட்டைப் பாக்குற சிப்பே கிடையாது. விசிறி நின்னு உள்ள வெந்துபோனாலும் முப்பத்தெட்டுன்னே சொல்லிட்டு இருந்திருக்கும். தப்பு என்னோடதுங்க."

தாமோதரன் எழுந்து வந்தார். திறந்து கிடந்த கணினியின் மேல் குனிந்து, காலியான சதுரத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் போர்டு போட்ட மத்த மிஷின்ல எல்லாம் சிப்பு இருக்குதா?"

"தெரியாதுங்க," என்றார் நாச்சிமுத்து. வகுப்பில் ஒருநாளும் அவர் வாயில் வராத சொல்.

"அப்ப ஒவ்வொண்ணாத் திறந்து பாருங்க. அவசரப்பட வேண்டாம். ரத்த வங்கிக்கு நான் பேசிக்கிறேன். எப்படியும் அடுத்த வாரம் பூரா ஆகும்."

"அடுத்த வாரம் நான்..."

"வராம எங்க போறீங்க?" என்று கேட்டுவிட்டுத் தாமோதரன் போய்விட்டார்.

நாச்சிமுத்து மெஹருன்னிசாவைத் தேடிப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஐயோ, என்னங்க சார் இது, கையை இறக்குங்க," என்று மெஹருன்னிசா பதறினார்.

"பெரிய உதவி பண்ணீங்க மேடம்."

"நானா? நான் ப்ராக்ஸிதானுங்க குடுத்தேன். நாலு நாளா விடாம உண்மையைச் சொன்னது வேற ஆளு."

நாச்சிமுத்து தன் இடத்துக்கு வந்தார். மூடியைப் பூட்டி, வயரைச் செருகினார். விசைப்பலகையின் முன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வேலை செய்தார். பிறகு கணினியை மறுபடி எழுப்பினார்.

சிவப்பு வரி வந்தது.

அதை முழுதாகப் படித்தார். சரியான விடை சொன்ன பையனைப் பார்த்து அசைப்பதுபோல மெல்லத் தலையை அசைத்தார்.

இவ்வளவுதான் ஸ்டெல்லா அக்கா சொன்னது.

டிரைவரில் யார், எந்த நாளில், எந்த வரியை மாற்றினார்கள் என்பது எங்கள் கணினியில் பதிவாகி இருக்கும். அந்த நாளைப் பின்னொரு முறை தேடிப் பார்த்தேன். சாயங்காலம் நாச்சிமுத்து சாரின் பெயரில் ஒரு மாற்றம் இருந்தது. அவ்வளவும் நீக்கிய வரிகள். சேர்த்தது ஒன்றுகூட இல்லை.